விடை ஒத்துவரவில்லையா? எரிதல், ஹீட் எக்ஸ்சேஞ்சர் கணக்குகளில் பிழை தேடும் வழி

எரிபொருள் கணக்கோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் (சூடான ஓட்டத்திலிருந்து குளிர்ந்த ஓட்டத்துக்கு வெப்பத்தை மாற்றும் கருவி) கணக்கோ போட்டு விடை ஒத்துவராவிட்டால் நிறையப் பேர் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அதே கை அதே இடத்தில் அதே தப்பைத்தான் மறுபடியும் செய்யும். கையில் இருக்கும் தப்பான விடையைத் தூக்கி எறியாமல் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள், கோளாறு எந்த வரியில் இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கணக்குகளைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறவர்களுக்குத் தெரியும், புதுப் பிழை என்று வருவது ரொம்ப அபூர்வம். பழைய பிழைகளேதான் வேறு எண்களோடு வரும்.

உங்கள் விடையில் தெரியும் அறிகுறிக்கு நேராக இருக்கும் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷத்தில் பார்க்கக்கூடியது முதலில் இருக்கிறது, கணக்கையே புரட்டிப்போட வேண்டியது கடைசியில்.

## முதலில் இதைச் செய்யுங்கள்: வகுத்துப் பாருங்கள்

சரியான விடை தெரியும் என்றால் பெரியதைச் சின்னதால் வகுங்கள். வரும் எண் உங்களுக்குப் பழக்கமான எண்ணா என்று பாருங்கள்.

- 4.19 வந்தால் கிலோகலோரியும் கிலோஜூலும் கலந்திருக்கிறது.
- 3600 வந்தால் மணியும் விநாடியும். 1000 வந்தால் வாட்டும் கிலோவாட்டும்.
- 1.163 வந்தால் மணிக்குக் கிலோகலோரியை வாட் என்று நினைத்து அப்படியே போட்டிருக்கிறீர்கள்.
- 4.76 வந்தால் காற்று கேட்ட இடத்தில் ஆக்சிஜனோடு நின்றுவிட்டீர்கள்.
- 1.27 வந்தால் நைட்ரஜனை மட்டும் காற்று என்று எழுதிவிட்டீர்கள்.
- 1.8 வந்தால் ஃபாரன்ஹீட் வித்தியாசம் செல்சியஸ் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.
- எரிபொருள் மீத்தேனாக இருந்து 1.11 வந்தால் உயர் கலோரி மதிப்பும் (நீர் திரவமாக முடிவது) தாழ் கலோரி மதிப்பும் (நீர் ஆவியாக முடிவது) இடம் மாறியிருக்கின்றன.

விடை தெரியாத கணக்கு என்றால் இந்த வித்தை நடக்காது. அப்போது கீழே போங்கள்.

## அறிகுறி: காற்றின் அளவு பொருந்தவில்லை

கொடுத்த சதவீதம் எந்த அடிப்படையில்? வாயு எரிபொருள் என்றால் கொடுத்திருப்பது கன அளவுச் சதவீதம், அதாவது மோல் சதவீதம். நிலக்கரி, எண்ணெய் என்றால் எடைச் சதவீதம். வேறு மாதிரி என்றால் கேள்வியிலேயே சொல்லியிருப்பார்கள். இதை முதல் வரியில் எழுதிவிட்டு ஆரம்பித்தால் பாதிப் பிரச்சினை வராது. 100 மோல் வாயு அல்லது 100 கிலோ நிலக்கரி என்று எடுத்துக்கொண்டால் சதவீதமே அளவாகிவிடும், வேறு அடிப்படை தேடிப் போக வேண்டாம்.

காற்றின் 21, 79 என்பதும் மோல் கணக்குத்தான். எடையில் ஆக்சிஜன் சுமார் 23.2 சதவீதம். எடையில் போட்டுக்கொண்டே வந்து கடைசியில் 0.21-ஆல் வகுத்தால் காற்று சுமார் 10 சதவீதம் கூடிவரும்.

ஹைட்ரஜனைப் பார்த்தீர்களா? நிலக்கரியில் 4 கிலோ ஹைட்ரஜன் என்றால் அணுவாக 4 கிலோமோல், மூலக்கூறாக 2 கிலோமோல், அது எரிய வேண்டிய ஆக்சிஜன் 1 கிலோமோல். இந்த மூன்று எண்ணில் எதை எங்கே போட வேண்டும் என்பதில்தான் கை தடுமாறும்.

எரிபொருளிலேயே இருக்கும் ஆக்சிஜனைக் கழித்தீர்களா? இதை விடுபவர்கள் ஏராளம். ஒரு முறை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ நிலக்கரியில் கார்பன் 72, ஹைட்ரஜன் 4, கந்தகம் 1, ஆக்சிஜன் 8, நைட்ரஜன் 1, சாம்பல் 14 கிலோ. கார்பனுக்கு 72/12 = 6 கிலோமோல் ஆக்சிஜன், ஹைட்ரஜனுக்கு 4/4 = 1, கந்தகத்துக்கு 1/32 = 0.031, ஆக மொத்தம் 7.031. இதிலிருந்து நிலக்கரிக்குள்ளேயே இருக்கும் 8/32 = 0.25 போனால் 6.781. இதை 0.21-ஆல் வகுத்தால் 32.3 கிலோமோல் காற்று, ஒரு கிலோ நிலக்கரிக்குச் சுமார் 9.35 கிலோ. கழிக்காமல் விட்டால் 33.5 கிலோமோல். வித்தியாசம் சின்னதுதான், அதனாலேயே கண்ணில் படாது, அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு விடையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நிற்கும்.

இத்தனைக்குப் பிறகும் பொருந்தாவிட்டால் ஈரப்பதத்தைப் பாருங்கள். பகுப்பாய்வு உலர்ந்த நிலக்கரிக்கா, அப்படியே வந்து இறங்கிய நிலக்கரிக்கா என்பது கேள்வியில் எங்கோ ஒரு மூலையில் ஒரே சொல்லாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் கேள்வியிலேயே குறை. கேட்டவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும், நீங்களாக ஊகித்துப் போடாதீர்கள்.

## அறிகுறி: ஃப்ளூ கேஸ் சதவீதம் எல்லாமே கொஞ்சம் குறைவாக வருகிறது

ஃப்ளூ கேஸ் என்பது எரிந்து வெளியேறும் புகைவாயு. சதவீதம் குறையக் காரணம் அநேகமாக ஒன்றுதான். உங்கள் விடையில் நீராவி சேர்ந்திருக்கிறது, எதிர்பார்க்கும் விடையில் இல்லை. ஆர்சாட் கருவி தரும் பகுப்பாய்வு உலர் அடிப்படையிலானது, நீர் அந்தக் கணக்கில் வராது.

மீத்தேனை 20 சதவீத உபரி காற்றில் (தேவைக்கு மேல் 20 சதவீதம் கூடுதல் காற்றில்) எரித்தால் ஒரு மோலுக்கு கார்பன் டை ஆக்சைடு 1, நீராவி 2, மிச்ச ஆக்சிஜன் 0.4, நைட்ரஜன் 9.02 மோல். நீராவியோடு சேர்த்து 12.42, இல்லாமல் 10.42. கார்பன் டை ஆக்சைடு ஈர அடிப்படையில் 8.05 சதவீதம், உலர் அடிப்படையில் 9.59. ஆக்சிஜன் 3.22, 3.84. எல்லா எண்ணும் ஒரே விகிதத்தில், சுமார் 1.19 மடங்கு தள்ளியிருக்கிறது பாருங்கள், அதுதான் அடையாளம். ஒரு வாயு மட்டும் தள்ளியிருந்தால் ஈரம், உலர் பிரச்சினை கிடையாது, வேறு எங்கோ பிழை.

ஒரு நல்ல சோதனை இருக்கிறது. உபரி காற்றே இல்லாமல் முழுதாக எரிந்தால் உலர் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு மீத்தேனுக்கு 11.7 சதவீதம், புரொப்பேனுக்கு 13.8, சுத்தக் கார்பனுக்கு 21. உங்கள் எண் அந்தந்த எரிபொருளுக்குரிய இந்த உச்சத்தைத் தாண்டினால் அந்த விடை இருக்கவே முடியாது, மேற்கொண்டு ஒரு வரியும் போகாதீர்கள்.

மோல்களின் மொத்தம் உள்ளேயும் வெளியேயும் சமமாக இல்லையே என்று சிலர் பதறுவார்கள். சமமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று அணு வாரியாக எண்ணுங்கள், அது சமமாக வந்தே ஆக வேண்டும்.

## அறிகுறி: உபரி காற்று விசித்திரமாக வருகிறது

### 20 வர வேண்டிய இடத்தில் 16.7 வருகிறது

கீழே எதைப் போட்டு வகுத்தீர்கள் என்று பாருங்கள். உபரிச் சதவீதம் என்பது உபரியைத் தேவையான அளவால் வகுப்பது. நீங்கள் செலுத்திய அளவால் வகுத்திருக்கிறீர்கள்: 0.4/2 என்பதற்குப் பதில் 0.4/2.4. இதே பிழையில் 50 சதவீதம் 33.3 ஆகும், 100 சதவீதம் 50 ஆகும். "120 சதவீதக் காற்று" என்று கேள்வியில் இருந்தால் அது 20 சதவீத உபரி, 120 சதவீத உபரி அல்ல. அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

### கார்பன் மோனாக்சைடு இருக்கும் கணக்கில் மட்டும் தப்புகிறது

இதுதான் ஆளைச் சிக்க வைக்கும் இடம். எரிபொருளில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக நின்றுவிட்டாலும், ஏன், ஒரு பகுதி எரியாமலே வெளியே போனாலும், தேவையான காற்று என்பது எல்லாம் முழுதாக எரிந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுவதற்கான காற்றுதான். உண்மையில் என்ன எரிந்தது என்பது அந்த எண்ணைத் தொடவே தொடாது. நடந்த எரிதலுக்கு ஏற்பத் தேவையான காற்றைக் குறைத்துக்கொள்வது நியாயமாகத் தோன்றும், ஆனால் அப்படிப் போட்டால் உபரி பொய்யாகக் கூடிவிடும்.

உலர் வாயுப் பகுப்பாய்விலிருந்து போகும்போதும் இதே கவனம் வேண்டும். மிச்ச ஆக்சிஜனில் கார்பன் மோனாக்சைடின் பாதியைக் கழித்துவிட்டு, அதை உள்ளே வந்த ஆக்சிஜனுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். உள்ளே வந்த ஆக்சிஜன் எவ்வளவு என்பதை நைட்ரஜன் சொல்லிவிடும்: நைட்ரஜன் × 21/79. மேலே பார்த்த மீத்தேனில் நைட்ரஜன் 86.57 சதவீதம், அதோடு வந்த ஆக்சிஜன் 23.01, மிச்சம் 3.84, ஆகவே 3.84/19.17 = 20 சதவீதம். திரும்பக் கிடைத்துவிட்டது. எரிபொருளிலேயே நைட்ரஜன் நிறைய இருந்தால் அதை முதலில் கழித்துவிட்டுத்தான் இந்த வழியில் போக வேண்டும்.

### எதிர்ம எண் வருகிறது

உடனே பிழை என்று முடிவு கட்டாதீர்கள். ஆக்சிஜன் 1 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 4 சதவீதம் என்று கொடுத்திருந்தால் 1 − 2 = −1. காற்று உண்மையிலேயே போதவில்லை என்று அர்த்தம், விடை சரி. மிச்ச ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் எதிர்மமாக வந்தால் நைட்ரஜனை எப்படி எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

### எரிபொருளின் ஹைட்ரஜன், கார்பன் விகிதம் முழு எண்ணாக வரவில்லை

உலர் வாயு: கார்பன் டை ஆக்சைடு 9.6, ஆக்சிஜன் 3.8, நைட்ரஜன் 86.6. உள்ளே வந்த ஆக்சிஜன் 23.02, அதில் 9.6 கார்பனுக்குப் போயிற்று, 3.8 மிச்சம், காணாமல் போன 9.62 நீராகிவிட்டது. ஆக 19.24 மோல் நீர், 38.48 ஹைட்ரஜன் அணு. அதை 9.6-ஆல் வகுத்தால் 4.01. மீத்தேன்தான், சந்தேகமில்லை. இப்போது கார்பன் டை ஆக்சைடை 9.6-க்குப் பதில் 10.1 என்று எடுத்து, நைட்ரஜனை 86.1 ஆக்கிப் போட்டுப் பாருங்கள், விகிதம் 3.56 ஆகிவிடும். அரைச் சதவீத வாசிப்பு வித்தியாசம் இவ்வளவு தூரம் இழுத்துவிடுகிறது, ஏனென்றால் ஹைட்ரஜனை நேரடியாக அளக்கவே இல்லை, இரண்டு பெரிய எண்களின் வித்தியாசத்திலிருந்து எடுக்கிறோம். ஆகவே 3.9 வந்தால் அதைப் பிழை என்று துரத்தாதீர்கள். 2.5 வந்தால் துரத்துங்கள்.

## அறிகுறி: எரிதல் வெப்பம் பத்துச் சதவீதம் தள்ளுகிறது

நீர் திரவமா ஆவியா? மீத்தேனுக்குத் திரவம் என்றால் மோலுக்கு 890.3 கிலோஜூல், ஆவி என்றால் 802.3. இடையே உள்ள 88 என்பது இரண்டு மோல் நீரின் ஆவியாதல் வெப்பம், மோலுக்கு 44. நீரின் உருவாதல் வெப்பத்தில் −285.8 எடுத்தீர்களா −241.8 எடுத்தீர்களா என்று பாருங்கள், அவ்வளவுதான். குறி மாறி வந்தால் வினைபொருளையும் விளைபொருளையும் தலைகீழாகக் கழித்திருக்கிறீர்கள். கார்பன் மோனாக்சைடு இருந்தால் மோலுக்கு 283 கிலோஜூல் வெளியே வராமல் போயிற்று என்று கழிக்க மறக்க வேண்டாம்.

## அறிகுறி: சுடர் வெப்பநிலை 2500 டிகிரியைத் தொடுகிறது

மீத்தேனைத் தேவையான காற்றில், 25 டிகிரியில் தொடங்கி எரித்தால் உண்மையான மதிப்பு 1950 டிகிரி செல்சியஸ் அக்கம்பக்கம். 2500 வந்தால் காரணம் தன்வெப்பம் (ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம்): அறை வெப்பநிலைக்கான எண்ணை எடுத்துவிட்டீர்கள்.

எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். அறை வெப்பநிலையில் மோலுக்கு கார்பன் டை ஆக்சைடு 37, நீராவி 34, நைட்ரஜன் 29 ஜூல். கூட்டினால் 37 + 68 + 7.52 × 29 = 323. 802300-ஐ இதால் வகுத்தால் 2484, அதோடு 25, அதாவது 2509 டிகிரி. இப்போது பாதி வழியில், 1200 கெல்வின் அளவில் உள்ள மதிப்புகளை எடுங்கள்: 56, 44, 34. கூட்டல் 400-க்குக் கிட்டத்தட்ட வரும், விடை சுமார் 2030 டிகிரி. ஒரே கணக்கு, ஒரே வெப்பம், தன்வெப்பத்தை மட்டும் மாற்றியதற்கு 480 டிகிரி இறங்கிவிட்டது.

2030-க்கும் 1950-க்கும் இடையில் உள்ள மிச்சம் உங்கள் பிழை அல்ல. அந்தச் சூட்டில் கார்பன் டை ஆக்சைடும் நீரும் கொஞ்சம் பிரிந்து வெப்பத்தைத் தின்கின்றன. அதைக் கையால் போட முயல வேண்டாம், சமநிலைக் கணக்குப் போடும் மென்பொருளிடம் விட்டுவிடுங்கள். தேர்வுக் கேள்வி அதைக் கேட்காது.

கேள்வியில் உபரி காற்று இருந்தும் விடை இந்த அளவுக்கே வந்தால் மிச்ச ஆக்சிஜனையும் கூடுதல் நைட்ரஜனையும் சூடாக்க மறந்துவிட்டீர்கள்.

## அறிகுறி: ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இரண்டு பக்க வெப்பமும் சமமாக வரவில்லை

சூடான பக்கம் இழந்தது, குளிர்ந்த பக்கம் பெற்றது. இரண்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும், வெளியே கசிகிறது என்று கேள்வி சொல்லாத வரைக்கும்.

முதலில் அலகு: ஒரு பக்கம் மணிக்குக் கிலோ, மறுபக்கம் விநாடிக்குக் கிலோ. அடுத்தது, வெப்பநிலை வித்தியாசத்தோடு 273 கூட்டினீர்களா? 40 டிகிரி வித்தியாசம் என்றால் 40 கெல்வின் வித்தியாசம், 313 அல்ல. அதற்கும் அடுத்து, ஏதாவது ஒரு பக்கம் நிலை மாறுகிறதா? 100 டிகிரி நீராவி 100 டிகிரி நீராக வெளியே வந்தால் வெப்பநிலை வித்தியாசம் சைபர், ஆனால் கிலோவுக்கு 2257 கிலோஜூல் கொடுத்துவிட்டுப் போகிறது. விநாடிக்கு அரைக் கிலோ நீராவி 1128 கிலோவாட். அதை 30-லிருந்து 80 டிகிரிக்கு ஏறும் தண்ணீரிடம் கொடுத்தால் விநாடிக்கு 5.4 கிலோ தண்ணீர் வேண்டும். நீராவியின் தன்வெப்பத்தை வைத்துப் போட்டவருக்கு சைபர் வரும், உடனே தெரிந்துவிடும். நீராவி 150 டிகிரியில் உள்ளே வருகிறது என்றிருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் ஏதோ ஒரு எண் வரும், பார்க்க நியாயமாகவும் இருக்கும்.

## அறிகுறி: எல்எம்டிடி போடும்போது கால்குலேட்டர் எர்ரர் காட்டுகிறது

எல்எம்டிடி என்பது இரண்டு முனை வெப்பநிலை வித்தியாசங்களின் மடக்கைச் சராசரி (LMTD). அதில் இரண்டு வகை எர்ரர் இருக்கிறது, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதோடு சேரும் எஃப் காரணியிலும் எர்ரர் வரலாம்.

### சைபரால் வகுக்கிறேன் என்கிறது

இரண்டு முனையிலும் வித்தியாசம் சமம். பிழையே இல்லை. அந்த வித்தியாசம்தான் எல்எம்டிடி, அப்படியே எழுதிவிட்டு மேலே போங்கள்.

### எதிர்ம எண்ணுக்கு லாக் எடுக்கச் சொல்கிறது

ஏதோ ஒரு முனையில் குளிர்ந்தது சூடானதைவிடச் சூடாக இருக்கிறது. முதலில் ஒரு சின்னப் படம் வரைந்து இரண்டு அம்புக்குறியையும் நான்கு வெப்பநிலையையும் அதனதன் இடத்தில் எழுதுங்கள், மனசுக்குள்ளேயே போடாதீர்கள். சூடானது 150-லிருந்து 90-க்கு, குளிர்ந்தது 30-லிருந்து 70-க்கு என்றால் எதிரோட்டத்தில் (இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவது) முனைகள் 80, 60, எல்எம்டிடி 69.5. இணையோட்டத்தில் (ஒரே திசையில் ஓடுவது) 120, 20, எல்எம்டிடி 55.8. எதிரோட்டக் கணக்குக்கு உங்களிடம் 55.8 வந்திருந்தால் முனைகளை இணையோட்டமாக எடுத்துவிட்டீர்கள்.

இப்போது குளிர்ந்தது 100 வரை ஏற வேண்டும் என்று வையுங்கள். எதிரோட்டத்தில் 50, 60, எல்எம்டிடி 54.8, ஒரு சிக்கலும் இல்லை. இணையோட்டத்தில் 90 டிகிரியில் வெளியேறும் பொருள் பக்கத்தில் இருப்பதை 100-க்குச் சூடாக்க வேண்டும், அது நடக்காது. கால்குலேட்டர் எர்ரர் காட்டியது சரிதான், கேட்டதுதான் தப்பு.

### எஃப் திருத்தக் காரணியில் எர்ரர்

ஒரு ஷெல் (வெளிக்கூடு), இரண்டு டியூப் பாஸ் (குழாய் வழியே இரண்டு முறை ஓட்டம்) என்றால் எல்எம்டிடி-யோடு பெருக்க எஃப் வேண்டும். மேலே உள்ள 150–90, 30–70 கணக்குக்கு ஆர் (சூடான பக்க மாற்றம் ÷ குளிர்ந்த பக்க மாற்றம்) 1.5, பி (குளிர்ந்த பக்க மாற்றம் ÷ நுழைவு வித்தியாசம்) 0.333, எஃப் 0.91, நல்ல எண். பி-யில் கீழே வருவது இரண்டு நுழைவு வெப்பநிலைகளின் வித்தியாசம், இங்கே 120. அங்கேதான் அடிக்கடி தப்பு நடக்கும். ஆர் சரியாக 1 வந்தால் சூத்திரம் சைபர் கீழ் சைபராகும், அதற்கென்று இருக்கும் தனி வடிவத்தையோ வரைபடத்தையோ பாருங்கள். லாக்குக்குள் எதிர்மம் வந்தால் அந்த வேலையை ஒரே ஷெல்லில் முடிக்க முடியாது. எஃப் 0.75-க்குக் கீழே போனாலும் அந்த வடிவத்தைக் கைவிட்டு ஷெல்லைக் கூட்டுவதுதான் வழக்கம், அந்த இடத்தில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலும் எஃப் சரசரவென்று விழும்.

நீராவி ஒரே வெப்பநிலையில் குளிர்ந்து நீராகும் கண்டென்ஸரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எஃப் 1, எதிரோட்டமோ இணையோட்டமோ எல்எம்டிடி ஒன்றே. ஆனால் மிகைச்சூட்டு நீராவி உள்ளே வந்து, நீராகி, மேலும் குளிர்ந்து வெளியேறினால் மூன்று பகுதியாகப் பிரித்து மூன்று எல்எம்டிடி போட வேண்டும். முதல், கடைசி வெப்பநிலையை மட்டும் வைத்து ஒரே எல்எம்டிடி போடுவது தப்பு.

## அறிகுறி: பரப்பு நம்பும்படி இல்லை

0.02 சதுர மீட்டர் வந்ததா? வெப்பம் கிலோவாட்டில், யூ (மொத்த வெப்பப் பரிமாற்றக் குணகம்) வாட்டில். 20 சதுர மீட்டர்தான் விடை.

அலகு சரியாக இருந்தும் ஒத்துவராவிட்டால் யூ-வைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு, கெல்வினுக்கு வாட் கணக்கில் வாயுவுக்கும் வாயுவுக்கும் இடையே 10 முதல் 40, தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் 100 முதல் 350, தண்ணீருக்கும் தண்ணீருக்கும் 850 முதல் 1700 வரை என்பது பாடப்புத்தக வழக்கம். பத்து மடங்கு தள்ளியிருந்தால் யூ கணக்கில்தான் கோளாறு.

எப்போதும் உதவும் ஒரு சோதனை: யூ இரண்டு பக்க எச் (அந்தந்தப் பக்கத்தின் வெப்பப் பரிமாற்றக் குணகம்) மதிப்புகளில் சின்னதைவிடவும் சின்னதாக இருக்க வேண்டும். உள்ளே 4000, வெளியே 50 என்றால் 0.00025 + 0.02 = 0.02025, யூ 49.4. சராசரி எடுத்து 2025 என்று எழுதிய தாள்கள் உண்டு. மெல்லிய குழாய்க்கு இது போதும். தடித்த சுவர் என்றால் உள்பரப்புக்கா வெளிப்பரப்புக்கா என்று முடிவு செய்து எல்லாத் தடையையும் அதே பரப்புக்கு மாற்றுங்கள்.

படிவுத் தடையை (குழாயில் படியும் அழுக்கு தரும் தடையை) மறந்தீர்களா என்பதும் ஒரு கேள்வி, ஆனால் எல்லா இடத்திலும் அது பெரிய விஷயம் இல்லை. மேலே உள்ள 49.4-இல் 0.0002 சேர்த்தால் 48.9, அவ்வளவே. அதுவே இரண்டு பக்கமும் தண்ணீராக இருந்து எச் 4000, 3000 என்றால் யூ 1714. இரு பக்கமும் 0.0002 சேர்த்தால் 1017-க்கு விழுகிறது, பரப்பு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடிவிடும்.

### எச் மதிப்பே சந்தேகமாக இருந்தால்

ரெனால்ட்ஸ் எண்ணுக்கு (ஓட்டம் சீரா கொந்தளிப்பா என்று காட்டும் எண்ணுக்கு) போங்கள். விநாடிக்கு 10 கிலோ தண்ணீர், 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 100 குழாய், இரண்டு பாஸ், பாகுநிலை 0.0008 பாஸ்கல் விநாடி. குழாயின் எண்ணிக்கையால் வகுக்காமல் போட்டால் சுமார் 8 லட்சம். 100-ஆல் வகுத்தால் 7960. ஆனால் இரண்டு பாஸ் என்பதால் ஒரு நேரத்தில் 50 குழாயில்தான் ஓட்டம், ஆக 15,900 என்பதே சரி. மூன்று எண்ணும் மூன்று வேறு வழியில் இழுத்துக்கொண்டு போகும்: 7960-க்கு டிட்டஸ்-போயல்டர் சமன்பாடு (கொந்தளிப்பு ஓட்டத்தில் எச் தருவது) பொருந்தாது, அதற்கு 10,000 தாண்ட வேண்டும். வேகத்தைப் பார்த்தாலும் மாட்டிக்கொள்ளும், 8 லட்சம் என்றால் குழாயில் தண்ணீர் விநாடிக்கு 32 மீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம்.

அந்தச் சமன்பாட்டில் பிராண்டில் எண்ணின் அடுக்கு, சூடாகும் பொருளுக்கு 0.4, குளிரும் பொருளுக்கு 0.3. பாகுநிலையை சென்டிபாய்ஸில் அப்படியே போட்டால் ரெனால்ட்ஸ் ஆயிரம் மடங்கு குறைந்து, நீங்கள் பாட்டுக்குச் சீரோட்டம் என்று நஸ்ஸெல்ட் எண் 3.66 எடுத்துவிடுவீர்கள்.

## அறிகுறி: வெளியேறும் வெப்பநிலை தெரியாது, ட்ரயல் போட்டு முடியவே இல்லை

ட்ரயலை நிறுத்துங்கள். பரப்பும் யூ-வும் தெரிந்து இரண்டு வெளியேற்றமும் தெரியாவிட்டால் என்டியூ முறைக்கு (யூ × பரப்பை, ஓட்டம் × தன்வெப்பம் சிறியதாக உள்ள பக்கத்தின் அந்தப் பெருக்கலால் வகுத்துத் திறனைக் காணும் முறைக்கு) மாறுங்கள், ஒரே ஓட்டத்தில் விடை வரும்.

அதிலும் ஒரு பள்ளம் உண்டு. சிறிய பக்கம் எது என்பதை ஓட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, ஓட்டத்தைத் தன்வெப்பத்தால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் விநாடிக்கு 4 கிலோ, தன்வெப்பம் 2.0, தண்ணீர் 3 கிலோ, 4.18. எண்ணெய் 8.0, தண்ணீர் 12.54. ஓட்டம் அதிகமாக இருந்தும் எண்ணெய்தான் சிறியது. எண்ணெய் 120-இல், தண்ணீர் 30-இல் நுழைந்தால் அதிகபட்ச வெப்பம் 8 × 90 = 720 கிலோவாட். யூ × பரப்பு 10 என்றால் என்டியூ 1.25, எதிரோட்டத்தில் திறன் 0.613, வெப்பம் 441 கிலோவாட், எண்ணெய் 64.9-இலும் தண்ணீர் 65.2-இலும் வெளியேறும்.

இதை அப்படியே நம்பிவிடாமல் எல்எம்டிடி-யில் திருப்பிப் போடுங்கள்: முனைகள் 54.8, 34.9, எல்எம்டிடி 44.1, பத்தால் பெருக்கினால் 441. ஒத்துவந்துவிட்டது. ஒத்துவராவிட்டாலோ திறன் 1-ஐத் தாண்டினாலோ சிறிய பக்கத்தை மாற்றி எடுத்திருக்கிறீர்கள், அல்லது இணையோட்டச் சூத்திரத்தில் எதிரோட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

பாடக் கணக்கு என்றால்: அலகு, அடிப்படை, அணுச் சமநிலை, இரண்டு பக்க வெப்பம் நான்கும் சரியாக இருந்தும் விடை வராவிட்டால் ஆசிரியரிடம் போங்கள். போகும்போது படத்தையும், எடுத்துக்கொண்ட அடிப்படையையும், எந்த அட்டவணையிலிருந்து எந்த எண்ணை எடுத்தீர்கள் என்பதையும் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அட்டவணை எண்ணும் அச்சான விடையும் தப்பாக இருப்பது நடக்கக்கூடியதுதான், அது வேறொருவர் கண்ணில்தான் சீக்கிரம் படும்.

ஓடிக்கொண்டிருக்கும் கொதிகலனோ பர்னரோ என்றால் கதை வேறு. உங்கள் காகிதக் கணக்கு உபரி காற்று அதிகம் என்று சொன்னால் அதைக் குறித்துக் கொடுங்கள், நீங்களே போய் காற்று டேம்பரைத் திருப்பாதீர்கள். காற்றைக் குறைத்தால் கார்பன் மோனாக்சைடு ஏறும், அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, ஆளைக் கொல்லும். வாயு அளவி கையில் வைத்துக்கொண்டு பர்னரைச் சீர்செய்யப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை அது. கந்தகம் உள்ள எரிபொருளில் ஃப்ளூ கேஸை இன்னும் குளிரவைத்து வெப்பத்தை மீட்கலாம் என்று கணக்கு ஆசைகாட்டினாலும் அப்படித்தான். மேலே பார்த்த மீத்தேன் வாயுவில் நீர் 56 டிகிரி அளவில்தான் படியும், கந்தகம் இருந்தாலோ அமிலம் அதற்கு ரொம்ப மேலேயே, 100 டிகிரியைத் தாண்டியே படிந்து குழாயை அரிக்கும்.

ஓடும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இரண்டு பக்க வெப்பமும் சில சதவீதம் தள்ளி நிற்பது சகஜம், அளவிகள் அவ்வளவுதான் சொல்லும். பெரிய அளவில் தள்ளினால் படிவு என்று முடிவு கட்டித் திறக்கச் சொல்வதற்கு முன் ஓட்ட அளவியையும் வெப்பநிலை உணரியையும் கருவிப் பிரிவு ஆட்களிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சரி என்று அவர்கள் சொன்ன பிறகும் யூ குறைந்துகொண்டே வந்தால் நான்கு வெப்பநிலை, இரண்டு ஓட்டம், இரு பக்க அழுத்த வீழ்ச்சி ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வடிவமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள்.